ஸ்பானிஷ்ல "பேசு", "சாப்பிடுங்க"ன்னு சொல்றப்போ எங்கெல்லாம் தப்பு வருது

ஸ்பானிஷ்ல ஒருத்தர பேசுன்னு சொல்லணும்னா, பாதி பேர் "நீ பேசுற"ங்கிற ஆப்லாஸ அப்படியே எடுத்து விட்டுடுறாங்க. அது கட்டளை இல்ல. தூன்னு, அதாவது நீன்னு, கூப்பிடுற ஆளுக்கு ஆப்லா தான், கடைசி ஸ் கிடையாது. சாப்பிடுன்னா கோமே, எழுதுன்னா எஸ்க்ரீபே. எல்லாமே "அவன் பேசுறான், சாப்பிடுறான், எழுதுறான்"னு ஏற்கனவே படிச்ச வடிவம் தான், இந்த மாதிரி ஒழுங்கான வினைகளுக்கு புதுசா மனப்பாடம் பண்ண ஒண்ணுமே இல்ல.

நிஜமான தலைவலி மரியாதைல தான். நம்ம பேசுவோட ங்க ஒட்டி பேசுங்கன்னு ஆக்கிடுவோம், அங்க ஒட்ட ஒண்ணும் இல்ல, கடைசி உயிரெழுத்தே மாறிடும். உஸ்தேத்னு, அதாவது மரியாதையா நீங்கன்னு, கூப்பிடுறவர்கிட்ட ஆப்லே, கோமா, எஸ்க்ரீபா. அகராதில ஆர்ல முடியுற வினைக்கு (ஆப்லார் மாதிரி) ஆ போய் ஏ வரும், ஏர், ஈர்ல முடியுறதுக்கு (கோமேர், எஸ்க்ரிபீர் மாதிரி) ஏ போய் ஆ வரும். இதுல முதல் பாதிய மட்டும் பிடிச்சுக்கிட்டு மரியாதைன்னா ஏ தான்னு முடிவு பண்ணி, பெரியவர்கிட்ட கோமேன்னு சொன்னா அவர "சாப்பிடு"ன்னு சொன்னதா ஆயிடும். அதனால வினை எந்த குடும்பம்னு பாத்துட்டு வாயத் திறங்க. (கொலம்பியால, போகோட்டா பக்கம், நெருங்கின நண்பர்களே உஸ்தேத் போட்டு பேசிக்குவாங்க, கோவமோன்னு பயந்துடாதீங்க.)

அப்புறம் நம்ம நீங்க ஒருத்தருக்கும் ஆகும், பத்து பேருக்கும் ஆகும், அங்க ஆகாது. ஒருத்தர்னா ஆப்லே, பல பேர்னா ஆப்லேன். லத்தீன் அமெரிக்கால சின்னப் பசங்க கூட்டமா இருந்தாலும் இதே ஆப்லேன் தான். ஸ்பெயின்ல மட்டும் நண்பர்கள் கூட்டத்துக்கு ஆப்லாத், கோமேத், எஸ்க்ரிபீத். அங்க உள்ளவங்களே பேச்சுல ஆப்லார்னு தான் நிறைய சொல்வாங்க, அத கேட்டுட்டு பரீட்சைல எழுதுனா மார்க் போச்சு. அர்ஜென்டினால தூவுக்கு பதிலா வோஸ், "பாரு"ன்னா மீரா இல்ல, மிரா, அழுத்தம் கடைசில.

அதை, என்னை மாதிரி சொல் சேர்றப்போ வர்ற தப்பு ரொம்ப நைசா நுழையும். "அதை வாங்கு"ன்னா கோம்ப்ராலோ, ஒரே வார்த்தை, லோ பின்னால தான் ஒட்டணும், எழுதுறப்போ முதல் ஓ மேல அழுத்தக்குறி வேணும். நம்ம தமிழ் வரிசைலயே லோ கோம்ப்ரான்னு வெச்சா "அவன் அதை வாங்குறான்"னு ஆயிடும், நீங்க கட்டளை போட்டதே எதிராளிக்கு தெரியாது.

கடைசியா ஸ்பெல்லிங். புஸ்கார்ங்கிற "தேடு" வினை மரியாதைல புஸ்கே ஆகுறப்போ, சி (c) எழுத்த அப்படியே விட்டு ஈ (e) போட்டா க சத்தம் போய் ஸ சத்தம் வந்துடும், அதனால சி இருந்த இடத்துல க்யூ, யூ ரெண்டும் போடணும். "பணம் கட்டுங்க"ங்கிற பாகேல ஜிக்கு அடுத்து யூ விட்டுப்போனா பாஹேன்னு தான் படிப்பாங்க.