இதய ஆபரேஷன் முடிந்த பிள்ளைக்கு வலி, வீக்க மருந்து: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் சிரப்புகளை முதலில் தனியே எடுத்து வையுங்கள். அவற்றில் சிலவற்றில் பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் கலந்தே இருக்கும். வார்டில் தந்த பாராசிட்டமாலோடு அதையும் கொடுத்தால் ஒன்று இரட்டிக்கும், மற்றது வேண்டாமல் உள்ளே போகும். நிமெசுலைடு இருந்தால் பார்மசியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 12 வயதுக்குக் கீழே அதை இந்தியாவே 2011இல் தடை செய்துவிட்டது.

பாராசிட்டமால் சிரப்பை ‘கால்பால்’ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கானதில் 5 மில்லிக்கு 120 மி.கி., ஆறு வயதுக்கு மேலானதில் அதே 5 மில்லிக்கு 250 மி.கி. சமையலறை ஸ்பூனும் வேண்டாம். பார்மசியில் ஊசியில்லாத சிரிஞ்சு கேளுங்கள்.

ஐபுப்ரோஃபென் டாக்டர் சீட்டு இல்லாமலே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். தொல்லையே அங்கேதான். வாங்கும் முன் டிஸ்சார்ஜ் கடிதத்தில் ஆஸ்பிரின், வார்ஃபரின், ஃப்யூரோசமைடு, கேப்டோபிரில், எனலாபிரில் ஆகியவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இதய வார்டைக் கேட்காமல் ஒரு சொட்டும் தராதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் ஐபுப்ரோஃபென் முந்தி உட்கார்ந்துவிடும். ஷன்ட் (ரத்தம் போக ஆபரேஷனில் வைக்கும் சின்னக் குழாய்) வைத்த குழந்தைக்கு அது அடைத்துக்கொள்ளும் ஆபத்து. வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு. மற்ற மூன்றோடு சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும், வாந்தி பேதியில் உடம்பு வறண்டிருந்தால் இன்னும் மோசம்.

16 வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் கூடாது என்று கடைக்காரர் சொல்வது பொது விதி. இதய டாக்டர் எழுதியிருந்தால், கடைக்காரர் பேச்சைக் கேட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஜி.பி. (உங்கள் பகுதிக் குடும்ப டாக்டர்) சீட்டில் வாங்குங்கள், பிள்ளைகளுக்கு இலவசம், தீர ஒரு வாரம் இருக்கும்போதே கேளுங்கள். அம்மை போட்டாலோ ஃப்ளூ வந்தாலோ அன்றைக்கே வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். ரைஸ் சின்ட்ரோம் (Reye’s) என்ற, மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோய் அப்போதுதான் வரக்கூடும். கோடாலித் தைலத்தில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டும் ஆஸ்பிரின் குடும்பம்தான். பாட்டி தேய்க்க வந்தால் தடுத்துவிடுங்கள்.

சில பிள்ளைகளுக்கு டாக்டரே ஐபுப்ரோஃபெனை வேளை தவறாமல் கொடுக்கச் சொல்வார். ஆபரேஷனுக்குப் பிந்தைய வாரங்களில் இதயத்தைச் சுற்றிய உறை வீங்கி நீர் கோப்பதுண்டு. அதற்கான மருந்து அது. சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். காய்ச்சல் இறங்கிவிட்டதே என்று பாதியில் விட்டால் வீக்கம் திரும்பும்.

மருந்து கொடுப்பதற்கு முன் காய்ச்சலை அளந்து நேரத்தோடு எழுதிவையுங்கள். கொடுத்தபின் அளந்தால் 38 டிகிரி மறைந்துபோகும். காயத்தில் சீழ் பிடித்திருந்தாலும் தெரியாது. 38 தாண்டினால், படுத்தால் நெஞ்சு வலித்து நிமிர்ந்து உட்கார்ந்தால் குறைந்தால், கைக்குழந்தை பால் குடிக்க மறுத்தால் வார்டு எண்ணுக்கு அழையுங்கள். கிடைக்காவிட்டால் 111 (மருத்துவ ஆலோசனை எண்). மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ நேரே 999 (ஆம்புலன்ஸ்). ஆங்கிலம் தடுமாறினால் “தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்” என்றால் போதும், அதற்குக் காசு கிடையாது.