தலைப்பில் ஏஐ இருந்தால் போதுமா? மாநாட்டுக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலின் மாநாட்டு அறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய அமர்வு என்பதால் பாதிப் பேர் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். சாட்பாட் (நம்மோடு உரையாடும் நிரல்) மீது பயனீட்டாளருக்கு எப்படி நம்பிக்கை வருகிறது என்ற என் ஆய்வை, 15 நிமிடத்தில் 31 ஸ்லைடு ஓட்டி, மூச்சு வாங்க முடித்திருந்தேன். அம்புக்குறிகளும் எண்களும் பார்க்க அழகாகத்தான் இருந்தன. கேள்வி நேரத்தில் ஒரு மூத்த பேராசிரியை கையைத் தூக்கி, உங்கள் பதிலாளர்களில் எத்தனை பேர் அந்தச் சாட்பாட்டிடம் பேசினார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஒருவர்கூடப் பேசவில்லை. "வங்கியின் சாட்பாட்டிடம் பேசுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்" என்று கூகுள் ஃபார்மில் இரண்டு வரி எழுதி, அதன் கீழே 40 கேள்விகளை அடுக்கியிருந்தேன். அதை அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தேநீர் இடைவேளையில் கையில் கறிபாப் பலகாரத்துடன் என்னிடம் வந்து தமிழில் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது: "தம்பி, நீங்க செஞ்சது சாட்பாட் ஆய்வு இல்ல. கற்பனை ஆய்வு."

அதன்பிறகு மேசைக்கு மறுபக்கம் உட்காரும் வாய்ப்பும் வந்தது. பயனீட்டாளர் உளவியலையும் ஏஐ எனப்படும் செயற்கை நுண்ணறிவையும் சேர்த்துப் பேசும் மாநாடுகளுக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களைப் படித்து மதிப்பிடும் வேலை. அதில் நான் பார்க்கும் தவறுகளில் பாதி நான் செய்தவை. மீதியைச் செய்ய எனக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஊறுகாய் மாதிரி ஓரத்தில் ஏஐ

அடிக்கடி கண்ணில் படுவது இது. ஃபிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியை எடுத்துக்கொள்வார்கள். பயன் இருக்கிறது என்று தோன்றினால், பயன்படுத்த எளிது என்று தோன்றினால், மக்கள் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பார்கள் என்பது அதன் சாரம். முன்பு இணைய வங்கிச் சேவை, அப்புறம் கைப்பேசிப் பணப்பை என்று இருந்த இடத்தில் இப்போது ஏஐ என்று எழுதிவிட்டால் புதுக் கட்டுரை தயார்.

உங்கள் கட்டுரையை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஏஐ என்று வரும் இடமெல்லாம் மைக்ரோவேவ் அடுப்பு என்று போட்டுப் படியுங்கள். கருதுகோள்கள் அப்போதும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கின்றன என்றால், உங்கள் ஆய்வில் ஏஐக்கு வேலையே இல்லை.

ஏஐயிடம் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தில் விநோதங்கள் உண்டு. அதற்குத்தான் இந்தத் துறையே இருக்கிறது. ஜோசஃப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலிசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும் சின்ன நிரல். அது இயந்திரம் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், அதனுடன் தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவருடைய செயலாளரே அவரிடம் கேட்டிருக்கிறார். (அதே 1966இல்தான் தனிநாயகம் அடிகளின் முயற்சியில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இதே கோலாலம்பூரில் நடந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. எனக்கு நினைவில் ஒட்டிக்கொண்டது, சொல்லிவிட்டேன்.)

இன்னொரு விநோதம். ஒரு கணிப்பு நிரல் தவறு செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டால், அது மனிதரைவிடச் சரியாகக் கணித்தாலும் மக்கள் அதைக் கைவிடுகிறார்கள் என்று பெர்க்லி டீட்வோர்ஸ்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் காட்டினார்கள். 2019இல் ஜெனிஃபர் லாக் குழுவினர் செய்த ஆய்வில், ஒரே ஆலோசனையை மனிதர் சொன்னதாகக் கேட்டவர்களைவிட நிரல் சொன்னதாகக் கேட்டவர்கள் அதிகம் ஏற்றார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டி "மக்கள் ஏஐயை நம்புவதில்லை" என்றோ "நம்புகிறார்கள்" என்றோ முன்னுரையில் எழுதுவது பெரிய சறுக்கல். படித்த மதிப்பீட்டாளர் அந்த வரியிலேயே பேனாவைத் திறந்துவிடுவார்.

எந்த வேலைக்கு, யாருக்கு, எதைப் பார்த்த பிறகு என்று கேளுங்கள். கியாரா லொங்கோனியும் லூக்கா சியானும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், பயன்பாடு முக்கியமாகும்போது மக்கள் ஏஐயின் பரிந்துரையையும், ரசனை முக்கியமாகும்போது மனிதரின் பரிந்துரையையும் நாடினார்கள். எந்தப் பவர் பேங்க் நீடித்து உழைக்கும் என்று இயந்திரத்திடம் கேட்க யாருக்கும் தயக்கமில்லை. தீபாவளிக்குக் கோலாலம்பூரின் மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவில் புடவை எடுக்கப் போகும்போது அம்மாவையோ அக்காளையோ கூட்டிக்கொண்டுதான் போவோம். அங்கே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி இருக்கிறது; எடுத்துச் செய்ய ஆளில்லை.

நம்பிக்கை என்ற ஒரு சொல்

இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேசப்போகிறேன். தமிழில் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் எல்லோரும் விழும் குழி இது. நானும் விழுந்திருக்கிறேன்.

ஆங்கில அளவுகோல்களில் ஒருவரை நம்பி ஒப்படைப்பதற்கு ஒரு சொல், அவர் திறமையில் உறுதி வைப்பதற்கு ஒரு சொல், நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு ஒரு சொல், தெய்வத்தின் மேல் வைப்பதற்கு ஒரு சொல் என்று தனித்தனியாக உண்டு. தமிழில் நால்வருக்கும் ஒரே வீடு: நம்பிக்கை. ஆகவே என் கேள்வித்தாளில் வரிசையாக இப்படி வந்தது: "இந்தச் சாட்பாட்டை நான் நம்புகிறேன்." "இந்தச் சாட்பாட் மீது எனக்கு நம்பிக்கை உண்டு." "இந்தச் சாட்பாட் நம்பத்தகுந்தது."

கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் ஆண்டி என்று கூப்பிடும் ஒரு வயதான அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். மூன்றாவது கேள்வியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "ஏம்பா, ஒரே கேள்விய ஏன் மூணு தடவ கேக்குற? நான் மாத்திச் சொல்றனான்னு பாக்குறியா?"

நான் கண்டுகொள்ளவில்லை. தரவை ஓட்டியபோது, கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.96 வந்தது. ஆஹா, எவ்வளவு உறுதியான அளவுகோல் என்று மகிழ்ந்தேன். 0.95ஐத் தாண்டினால் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறாய் என்று பொருள் கொள்ள வேண்டும்; ஆண்டி சொன்னதையேதான் அந்த எண்ணும் சொன்னது. அவருக்கு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் தேவைப்படவில்லை.

மறுமொழிபெயர்ப்பு செய்தோமே என்பீர்கள். 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் விளக்கிய அந்த முறையில், தமிழில் பெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். நல்ல முறைதான். ஆனால் மூன்று நம்பிக்கைகளைப் பார்க்கும் அந்த நண்பர், அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களை அங்கங்கே தூவி மூலத்துக்கு நெருக்கமாக எழுதிவிடுவார். தாளில் எல்லாம் பொருந்தும், படிப்பவர் மனத்தில் பொருந்தாது. ஐந்தாறு பேரை எதிரில் உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்ததும் என்ன தோன்றியது என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னால்தான் இது வெளியே வரும். அல்லது சொல்லை விட்டுவிட்டுச் செயலைக் கேளுங்கள்: "இது சொன்ன தொகையை மறுபடி சரிபார்க்காமல் பணம் கட்டுவீர்களா?" இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் அகராதி வேண்டாம்.

தமிழ்நாட்டுக் கேள்வித்தாளை அப்படியே எடுத்து மலேசியாவில் பயன்படுத்துவதும் சிக்கல். அங்கே நுகர்வோர், இங்கே பயனீட்டாளர். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் புண்ணியத்தில் அந்தச் சொல் நம் வீடுகளில் புழங்குகிறது. நுகர்வோர் என்றதும் மோப்பம் பிடிப்பவரா என்று கேட்ட ஒரு மாமாவை எனக்குத் தெரியும். அவர் கிண்டலுக்குக் கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

ராசியான 384

மலேசிய ஆய்வேடுகளில் இந்த எண்ணைப் பார்க்காமல் ஒரு வாரம் கடத்த முடியாது. கிரெஜ்சியும் மார்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணைப்படி, மக்கள்தொகை 10 லட்சம் என்றால் 384 பேர் போதும். அந்தக் கணக்கு குலுக்கல் முறையில் ஆள் தேர்ந்தெடுப்பதை அடிப்படையாகக் கொண்டது. நாம் என்ன செய்கிறோம்? இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, "தயவுசெய்து என் ஆய்வுக்கு உதவுங்கள்" என்று கைகூப்பும் படத்தையும் ஒட்டி, நண்பர்களிடமும் மாணவர்களிடமும் பதில் வாங்குகிறோம். அப்படி வாங்கிய 384க்கும் அந்த அட்டவணைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எதிர்பார்க்கும் விளைவு எவ்வளவு பெரியது என்று யோசித்து அதற்கேற்ப ஆள் கணக்குப் போடுங்கள். வசதிக்காகத் தேர்ந்தெடுத்த ஆட்கள் என்றால் அப்படியே எழுதிவிடுங்கள். ஒப்புக்கொண்ட குறையை யாரும் பெரிதாகக் குடைவதில்லை.

கூடவே ஒரு புதுத் தலைவலி. பணம் வாங்கிக்கொண்டு இணையத்தில் சிறு வேலைகள் செய்பவர்களிடம் ஒரு சுருக்கி எழுதும் வேலையைக் கொடுத்துப் பார்த்த 2023ஆம் ஆண்டு ஆய்வு, அவர்களில் 33 முதல் 46 விழுக்காட்டினர் சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளைப் பயன்படுத்தியிருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஏஐ பற்றி மனிதர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஏஐயிடமே கேட்டு எழுதி வாங்கும் நிலைமை. 40 கேள்வியை 90 விநாடியில் முடித்தவர்களையும், திறந்த கேள்விக்கு மூன்று பத்தியில் பிழையே இல்லாமல் விடை எழுதியவர்களையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். நம் ஆட்கள் அந்தக் கட்டத்தில் "ஓகே", "நல்லா இருக்கு" என்று எழுதுவதுதான் வழக்கம்.

காலாவதியான கதைகள்

ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட ஜாம் சோதனை எல்லோருக்கும் பிடித்த கதை. 24 வகை ஜாம் வைத்த மேசைக்கு வந்தவர்களில் 3 விழுக்காட்டினரே வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 விழுக்காடு. ஷாப்பிங் செயலிகளின் பரிந்துரை நிரல் பற்றிய கட்டுரைகளில் பாதி இதில்தான் தொடங்குகின்றன. 2010இல் இதே மாதிரியான 50 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வகை கூடுவதால் வரும் சராசரி விளைவு கிட்டத்தட்ட சுழியமாக இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. படிவத்தின் தலையில் கையெழுத்து வாங்கினால் மக்கள் நேர்மையாக நிரப்புவார்கள் என்ற 2012ஆம் ஆண்டுக் கட்டுரை 2021இல் திரும்பப் பெறப்பட்டது. அதையும் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். பால் பாக்கெட்டுக்குத் தேதி பார்க்கிறோம், மேற்கோளுக்கும் பார்க்கலாம்.

இயந்திரம் எழுதிக் கொடுத்த மேற்கோள் இன்னும் மோசம். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். மாநாட்டில் அபராதம் கிடையாது. ஆனால், தான் எழுதாத ஒரு கட்டுரை தன் பெயரில் பட்டியலில் இருப்பதை மதிப்பீட்டாளரே பார்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். ஒரு மாலை நேரம் போகும், போகட்டும். பதிலாளர்களின் நேர்காணலை எழுத்தாக்க ஏதோ ஒரு செயலியில் ஏற்றுவதற்கு முன், அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் அதற்கு இடம் இருந்ததா என்றும் பாருங்கள்.

எந்த மாநாடு?

"பெருமதிப்பிற்குரிய பேராசிரியரே" என்று தொடங்கும் மின்னஞ்சல் எனக்கு முதுகலை மாணவனாக இருந்தபோதே வந்தது. பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். எம்ஐடி மாணவர்கள் மூவர் 2005இல் எழுதிய நிரல் உளறிக்கொட்டிய கட்டுரையை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. 2016இல் ஒருவர் கைப்பேசியின் தானியங்கிச் சொற்பரிந்துரையைத் தட்டித் தட்டியே எழுதிய கட்டுரையை ஓர் அணு இயற்பியல் மாநாடு மூன்றே மணி நேரத்தில் ஏற்றது. இரண்டும் சாட்ஜிபிடி வருவதற்கு முன்பே நடந்தவை.

உளவியல், கட்டுமானப் பொறியியல், தாதியர் பயிற்சி, ஏஐ எல்லாம் ஒரே நாளில் ஒரே ஹோட்டலில் என்றால் தள்ளி நில்லுங்கள். ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இடம் நிச்சயம் என்ற பொருளில் "ஸ்கோபஸ் உறுதி" என்று எழுதியிருந்தாலும் அப்படியே. எந்த மாநாட்டின் கட்டுரைத் தொகுப்பைச் சேர்ப்பது என்று ஸ்கோபஸ்தான் முடிவு செய்கிறது. ஏற்பாட்டாளர் வாக்குக் கொடுக்க முடியாது. குழுப் பட்டியலில் உள்ள ஒருவருக்கு நேரடியாக எழுதி, உங்கள் பெயர் இதில் இருப்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கட்டுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் பெரிய விஷயம் இல்லை.

மேடை பற்றி இரண்டே வார்த்தை. தமிழ் எழுத்து உள்ள ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆக மாற்றிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் அங்குள்ள கணினியில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியலாம். பினாங்கில் காலை 9 மணி அமர்வு என்றால் முதல் நாளே போய்ச் சேருங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயிலில் ஏறக்குறைய நாலு மணி நேரம், அப்புறம் ஃபெர்ரி வேறு.

அந்தக் கறிபாப் உரையாடலுக்குப் பிறகு, மடிக்கணினியில் ஒரு சாட்பாட்டைத் திறந்துகொண்டு மறுபடியும் செந்தூல் ஆண்டியிடம் போனேன். கேள்வித்தாளை எடுத்துப் போகவில்லை. மின்கட்டணத்தைப் பற்றி அதனிடம் ஏதாவது கேளுங்கள் என்றேன். "வணக்கம் தம்பி" என்று முதலில் தட்டச்சு செய்தார். அப்புறம் கேள்வி. அது சம்பந்தமே இல்லாமல், தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றி ஒரு நீளமான பதில் கொடுத்தது. அதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். இயந்திரத்தைத் திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டினார்: "மன்னிச்சிருப்பா, நான்தான் சரியா கேக்கல."

என்னுடைய 40 கேள்விகளில் ஒன்றிலும் இதை எழுத இடம் இருக்கவில்லை.