அளவு நாடாவோடு ஒரு பழைய புகைப்படத்தைப் பார்ப்பது எப்படி

உடுமலைப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஒன்பது வருஷம் சைடர் வேலை, அதாவது நூற்பு மெஷினில் அறுந்த நூலை ஒட்டும் வேலை பார்த்தவள் நான். இப்போது மாலை நேரங்களில் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரலாறு படிக்கிறேன். அமெரிக்காவில் 1900-களின் தொடக்கத்தில் நடந்த சீர்திருத்தங்களைப் புத்தகத்தில் படித்தால் ஆண்டுகளும் சட்டப் பெயர்களும்தான் மிஞ்சும். ஆலைகளில் வேலை பார்த்த குழந்தைகளைப் படம் பிடித்த லூயிஸ் ஹைனின் ஒரே ஒரு படத்தை ஒழுங்காகப் பார்த்தால் அந்தக் காலமே கைக்கு வரும். எப்படிப் பார்ப்பது என்று நான் பழகிய முறையைச் சொல்கிறேன்.

முதலில் படம் வேண்டும். ஹைன் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908-இல், குழந்தைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு அவரைப் புகைப்படக்காரராக வேலைக்கு எடுத்தது. அந்தக் குழுவுக்காக எடுத்த 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஹைன் பெயரோடு வட கரோலினா, விட்னெல் என்று ஆங்கிலத்தில் (Lewis Hine, Whitnel, North Carolina) தேடுங்கள். 1908 டிசம்பரில் எடுத்த படம், ஸ்பின்னிங் ஃப்ரேம் என்ற நூற்பு மெஷின் பக்கத்தில் ஒரு சிறுமி நேராக கேமராவைப் பார்த்து நிற்பாள். சின்னப் படமாகப் பார்க்காதீர்கள், இருப்பதிலேயே பெரிய கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். துணியின் அழுக்கும் முகமும் அதில்தான் தெரியும்.

படத்தோடு ஹைன் எழுதி வைத்த குறிப்பை உடனே படிக்க வேண்டாம். ஐந்து நிமிஷம் படத்தை மட்டும் பாருங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கை எங்கே இருக்கிறது, மெஷின் அவளுக்கு எந்த உயரத்தில் வருகிறது, இதையெல்லாம் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாவம், ஐயோ என்று எழுத வேண்டாம். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள்.

அப்புறம் குறிப்புக்கு வாருங்கள். ஹைன் எழுதியதன் சாரம் இது: உயரம் 51 அங்குலம். ஆலைக்கு வந்து ஒரு வருஷம். சில நாள் இரவு வேலை. நான்கு சைடு ஓட்டுகிறாள், ஒரு நாளைக்கு 48 சென்ட் கூலி. வயது கேட்டதும் தயங்கி, "ஞாபகமில்லை" என்றாள். பிறகு ரகசியமாக, "வேலை செய்யற வயசு எனக்கு ஆகலை, ஆனாலும் செய்யறேன்" என்றாள். அங்கே இருந்த 50 பேரில் பத்துப் பேர் ஏறக்குறைய இவள் அளவுக் குழந்தைகள்.

இங்கேதான் அளவு நாடா வேண்டும். வீட்டுச் சுவரில் தரையிலிருந்து 51 அங்குலத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். நாலே கால் அடி. நான் முதல் தடவை போட்டபோது கோடு என் நெஞ்சுக்கு வந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகளை நிறுத்திப் பார்த்தேன், தலை சரியாகக் கோட்டைத் தொட்டது. அதற்கப்புறம் அந்தப் படத்தை எனக்கு வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

வயதைக் கேட்டு எழுதாமல் ஹைன் ஏன் உயரத்தை எழுதினார்? வயதைக் கேட்டால் பொய் வரும் என்று அவருக்குத் தெரியும். வட கரோலினாவில் 12 வயதுக்குக் கீழ் ஆலை வேலை கூடாது என்று 1903-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பெற்றோர் வயதை எழுதிக் கொடுத்தால் போதும். அதனால் தன் கோட்டுப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்பே அளந்து வைத்துக்கொண்டு, குழந்தை பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பொத்தானுக்கு வருகிறது என்று பார்த்துக்கொண்டார். பையில் கையை விட்டபடியே ரகசியமாகக் குறித்தார். பைபிள் விற்பவன், மெஷினைப் படம் பிடிக்க வந்தவன் என்று சொல்லிக்கூட உள்ளே போயிருக்கிறார்.

"நான்கு சைடு" என்பதையும் அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். எனக்கு இந்த வார்த்தை புத்தகத்திலிருந்து வந்ததில்லை, எங்கள் ஆலையிலும் சைடு என்றுதான் சொல்வோம். ஃப்ரேமின் ஒரு பக்கம் முழுக்க நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்கள் வரிசையாக நிற்கும், அது ஒரு சைடு. நூல் எங்கே அறுந்தாலும் ஓடிப்போய் நுனியைப் பிடித்து ஒட்ட வேண்டும். அதற்குள் வேறு இடத்தில் அறுந்திருக்கும். ஷிஃப்ட் முடியும்போது கண்ணிமையில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். எனக்கு இடுப்புக்கு வந்த பாபின் வரிசை, அதாவது நூல் சுற்றும் உருளைகளின் வரிசை, அவளுக்கு எங்கே வரும் என்று படத்தில் தேடிப் பாருங்கள்.

இதைச் செய்த பிறகு குறிப்பை மூன்றாகப் பிரியுங்கள். ஹைன் கண்ணால் கண்டது ஒன்று, பிறர் சொல்லக் கேட்டது ஒன்று, அவராக ஊகித்தது ஒன்று. அவருக்கு ஒரு நோக்கம் இருந்தது, குழந்தைகளை ஆலையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்பது. அந்த நோக்கத்தை நான் முழுமனதோடு மதிக்கிறேன். அதற்காகவே பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். பிரித்தாலும் அவர் குறிப்புகள் நிற்கும், ஏனென்றால் ஆள், தேதி, அளவு, கூலி என்று எழுதி வைத்தார். படத்தில் இல்லாதவர்களையும் கேளுங்கள். தெற்கு மாநிலங்களின் நூற்பு அறைகளில் ஏறக்குறைய எல்லாருமே வெள்ளையர்கள். கறுப்பினக் குழந்தைகள் பெரும்பாலும் வயலில் இருந்தார்கள்.

கடைசி வேலை, அவள் வயதையும் சட்டத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுவது. 1908-இல் அவளுக்குப் பத்து வயது என்று வைத்துக்கொள்வோம். 1916-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: 14 வயதுக்குக் கீழ் குழந்தைகளை வைத்து வேலை வாங்கும் ஆலையின் சரக்கு மாநில எல்லை தாண்டக் கூடாது. அப்போது அவளுக்குப் பதினெட்டு. 1918 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். வழக்குப் போட்டவர் வட கரோலினாவின் சார்லட்டில் பஞ்சாலையில் வேலை செய்த இரண்டு பையன்களின் அப்பா, அவள் மாநிலத்துக்காரர்தான். பிள்ளைகளின் கூலி போய்விடும் என்பது அந்த வீட்டின் கவலை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அந்தக் குடும்பங்களின் வறுமையை விட்டுவிட்டு இந்தக் கதை புரியாது. வரி போட்டுத் தடுக்கப் பார்த்த அடுத்த சட்டமும் 1922-இல் போனது. 1924-இல் நாடாளுமன்றம் அனுப்பிய அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் போதுமான மாநிலங்கள் சம்மதிக்கவில்லை. 1938-இல்தான் நிலைத்து நின்ற சட்டம் வந்தது, வயல் வேலை பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் இருந்தது. அவளுக்கு அப்போது நாற்பது வயது. ஹைன் 1940-இல் வறுமையில் இறந்தார். 1918 தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே சொன்னது அதற்கு மறுவருஷம், 1941-இல்.

சுவரில் போட்ட கோட்டை அழிக்காதீர்கள். அடுத்து ஜார்ஜியா மாநிலம் மேக்கனில் 1909 ஜனவரியில் எடுத்த படத்தைத் தேடுங்கள். எட்டாத குழந்தைகள் அறுந்த நூலை ஒட்டவும் காலி பாபினைத் திரும்ப மாட்டவும் ஃப்ரேம் மேலேயே ஏற வேண்டியிருந்தது என்று ஹைன் எழுதியிருப்பார். ஓடுகிற மெஷின் மேல் நிற்கும் அந்தப் பையன்களின் கால்களிலிருந்து ஆரம்பியுங்கள்.