வேலூரில் இருந்துகொண்டு கட்டுப்படியாகும் மருத்துவ இன்சூரன்ஸ் தேடுவது எப்படி?

பிரீமியம் குறைவு என்று ஒரு பாலிசியை எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி பில் கவுன்டரில் பாதிப் பணத்தைக் கையிலிருந்து கட்டினால் அது மலிவான பாலிசி ஆகாது. அதனால் விலையைக் கடைசியில் பாருங்கள். வரிசை இப்படி.

1. இலவசமாக என்ன கிடைக்கும்?

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் மட்டுமே இது செல்லும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். இருந்தால் குடும்பத்துக்கும் சேர்த்து சிகிச்சை உண்டு. வீட்டில் 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் அட்டை உண்டு.

2. ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுங்கள், பிறகு கம்பெனியை

உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே போவீர்கள்? இரண்டு மூன்று பெயரை எழுதுங்கள். அந்த ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் கவுன்டரிலேயே போய், "இந்தக் கம்பெனி பாலிசிக்கு கேஷ்லெஸ் உண்டா?" என்று கேளுங்கள். கேஷ்லெஸ் என்றால் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிடும். ஏஜென்ட் காட்டும் பட்டியல் பழையதாக இருக்கலாம். சிஎம்சியாக இருந்தால் வேலூர் வளாகத்துக்கும் ராணிப்பேட்டை வளாகத்துக்கும் தனித்தனியாக விசாரியுங்கள். அப்படியே அறை வாடகையையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அந்தத் தொகைதான் உயிர்.

3. அறை வாடகை வரம்பு

புதிதாக எடுப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. பாலிசியின் காப்பீட்டுத் தொகை 3 லட்சம், அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தங்கியது 6,000 ரூபாய் அறையில், நான்கு நாள். பில்: அறைக்கு 24,000, டாக்டர் மற்றும் ஆபரேஷன் தியேட்டருக்கு 60,000, மருந்தும் பரிசோதனையும் 36,000, மொத்தம் 1,20,000. அறைக்கு 12,000தான் வரும் என்பது எல்லாருக்கும் புரியும். ஆனால் அறை இரு மடங்கு என்பதால் டாக்டர், தியேட்டர் கட்டணத்திலும் பாதியை வெட்டுவார்கள், 30,000தான் கிடைக்கும். மருந்து, பரிசோதனைக்கு இந்த வெட்டு கிடையாது. ஆக வருவது 78,000, கையிலிருந்து போவது 42,000. பிரீமியத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே பில்லில் போய்விடும். வரம்பே இல்லாத பாலிசி கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள். முடியாவிட்டால், வரம்புக்குள் அடங்கும் அறையில் மட்டும் சேருங்கள்.

4. ஒப்பிட ஓர் அளவுகோல்

'ஆரோக்கிய சஞ்சீவனி' என்ற பொது வடிவப் பாலிசி 2020 ஏப்ரலில் வந்தது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றே: அறைக்கு காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய், ஒவ்வொரு கிளைமிலும் (கம்பெனியிடம் கேட்கும் தொகையிலும்) 5 சதவீதம் நாம் கட்ட வேண்டிய பங்கு. ஊரைப் பொறுத்து பிரீமியம் மாறாது. முதலில் இதற்கு நான்கு கம்பெனிகளின் விலையை வாங்குங்கள். மற்ற பாலிசிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது அதிகம் தருகிறது, எது குறைக்கிறது என்று தெரிந்துவிடும்.

மற்ற பாலிசிகள் பலவற்றில் வேலூர் முகவரிக்கு சென்னையைவிட விலை குறையும். ஆனால் சென்னையில் சிகிச்சை எடுத்தால் ஒரு பங்கை நீங்கள் கட்டச் சொல்வார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ இன்சூரன்ஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரி சேர்த்து விலை சொன்னால் திருத்தச் சொல்லுங்கள்.

5. படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

சுகர், பிரஷர், பழைய ஆபரேஷன், தினமும் போடும் மாத்திரை எதையும் விடாதீர்கள். "எழுத வேண்டாம், பிரீமியம் ஏறிடும்" என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஐந்து ஆண்டாகச் சுகர்" என்று டாக்டர் எழுதுவார். கிளைமை நிராகரிக்க அந்த ஒரு வரி போதும். சொல்லிவிட்டால் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம், அவ்வளவுதான். விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் கிளைம் இல்லை.

6. பாலிசி கைக்கு வந்ததும்

பெயர், பிறந்த தேதி, நீங்கள் சொன்ன நோய்கள், அறை வரம்பு நான்கையும் அன்றே சரிபாருங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அதுவரை பாதுகாப்பு இருந்த நாட்களுக்கும், மருத்துவப் பரிசோதனைக்கும், முத்திரைக் கட்டணத்துக்கும் உரியதைக் கழித்து மீதியைத் தருவார்கள். பாலிசி எண்ணையும் கம்பெனியின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள்.