பள்ளிப்பையை அடுக்குவது யார் வேலை?

பிள்ளைக்கு ஒழுங்கு வரவில்லையே என்று குறைப்படும் வீடுகள் பலவற்றில், அந்த ஒழுங்குக்கான வேலை முழுவதையும் பெற்றோரே செய்து முடித்துவிடுகிறார்கள். காலை ஏழரை மணிக்கு வாசலில் பள்ளி ஆட்டோ ஒலியெழுப்பும்போது, அம்மா கால அட்டவணையைப் பார்த்துப் புத்தகங்களைப் பைக்குள் திணிக்க, அப்பா தண்ணீர் பாட்டிலை நிரப்ப, பிள்ளை சாக்ஸை மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது. பை ஒழுங்காகப் பள்ளிக்குப் போய்ச் சேருகிறது. ஆனால் இன்றைக்கு என்னென்ன வகுப்பு, எதற்கு என்ன வேண்டும் என்று யோசிக்கும் பயிற்சி அம்மாவுக்குத்தான் கிடைக்கிறது. திட்டமிடுவதற்குப் பொறுப்பான மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்த பின்னும் முதிர்ந்துகொண்டிருப்பதால், எட்டு வயதில் மறதி இயல்பானதே. பழகுவதற்கு வாய்ப்பே தராதிருப்பதுதான் தவறு.

பை அடுக்கும் நேரத்தை முதல்நாள் மாலைக்கு மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வாரத்திற்கு ஒரு முறையாவது பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டச் சொல்லுங்கள். கையெழுத்துக்காக வந்து கசங்கிப்போன சுற்றறிக்கை, மூடி தொலைந்த பசை, முனை உடைந்த பென்சில்கள், எழுதி முடித்த பழைய நோட்டு, எந்த நாளையது என்று தெரியாத முறுக்குத் தூள் எல்லாம் வெளியே வரும். எதை வைப்பது, எதை எறிவது என்று பிள்ளையே பிரிக்கட்டும்; பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், கை வைக்க வேண்டியதில்லை.

எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் தினமும் சுமக்கவிடும் குறுக்குவழியும் உண்டு. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. அதாவது 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ. தமிழ்நாட்டில் 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையைக் கொண்டுவந்து பாடநூல்களைப் பிரித்ததற்கும் இந்தச் சுமையே ஒரு காரணம்.

அண்மைக் காலத்தில் சேர்ந்துகொண்ட தவறு வாட்ஸ்அப் வழியாக வந்தது. வகுப்புக் குழுவில் வீட்டுப்பாடம் மாலையில் வந்துவிடும் என்று தெரிந்த பிறகு, கரும்பலகையைப் பார்த்து டைரியில் குறித்துக்கொள்ள எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்? ஆசிரியர் சொன்னதைக் கேட்டு, எழுதி, வீட்டில் எடுத்துப் பார்த்துச் செய்வது ஒரு தொடர்ச்சியான பழக்கம். அதன் முதல் கண்ணியையே குழு அறுத்துவிடுகிறது. குழுவை விட்டு வெளியேற வேண்டியதில்லை. டைரியை முதலில் பிள்ளை திறந்து காட்டட்டும், விட்டுப்போனது ஏதேனும் உண்டா என்று பார்க்க மட்டும் கைப்பேசியை எடுங்கள். அதுபோலவே, மறந்துவிட்டுப் போன கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் பள்ளிக்கு ஓடுவதும் வேண்டாம். மருந்து, மூக்குக்கண்ணாடி, மதியச் சாப்பாடு என்றால் கட்டாயம் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வேண்டும். நோட்டுக்கு ஆசிரியரிடம் ஒரு சொல் வாங்குவதால் பிள்ளைக்குக் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

வீட்டுக்குள் வந்தால், பொருள் இருக்கும் உயரமே பெரும்பாலும் தடையாக இருக்கிறது. 1907இல் ரோம் நகரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தொடங்கிய ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பள்ளியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்வான அலமாரிகளும் அவர்களே தூக்கி நகர்த்தக்கூடிய நாற்காலிகளும் இருந்தன. பின்னர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவரும் அவரே. நம் வீடுகளிலோ சீருடை பீரோவின் மேல்தட்டில் இருக்கும், பையை மாட்டும் ஆணி அப்பாவின் தோளுயரத்தில் இருக்கும், பிறகு பை ஏன் சோபாவில் கிடக்கிறது என்று கேட்போம். ஆணியை இரண்டடி கீழே இறக்குவதற்குச் செலவே இல்லை. வண்ண வண்ண டப்பாக்களை வாங்கி அடுக்கிவிட்டு மாற்றத்தை எதிர்பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். தேவையற்றதைக் கழிக்காமல் டப்பா வாங்கினால், குப்பைக்கும் ஒரு மூடி கிடைத்ததுதான் மிச்சம்.

“அறையை ஒழுங்காக வை” என்ற கட்டளையில் ஏழு வயதுப் பிள்ளைக்குச் செய்யத்தக்க வேலை எதுவும் இல்லை. “தரையில் கிடக்கும் துணியைக் கூடையில் போடு, முடித்ததும் சொல்” என்றால் அதற்குப் புரியும். அது முடிந்த பின் அடுத்ததைச் சொல்லலாம்.

21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று நம்பி, நான்காவது வாரத்தில் சலித்துப்போய்த் திட்டத் தொடங்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலையை எட்டுவதற்கான கால அளவு 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது; அதில் பங்கேற்றவர்கள் பெரியவர்கள். ஆகவே ஒரே நேரத்தில் ஐந்து பழக்கங்களைத் தொடங்காமல், பையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. பள்ளி விடுமுறைக்குப் பின் எல்லாம் பழையபடி ஆகிவிட்டால், தோற்றுவிட்டதாக எண்ணாமல் மீண்டும் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான்.

பலரும் தவறென்றே எண்ணாத ஒன்று, அக்காவையும் தம்பியையும் வெவ்வேறு அளவுகோலால் அளப்பது. மகள் தன் சீருடையோடு தம்பியின் சீருடையையும் மடித்து வைப்பாள். அவன் சாப்பிட்ட டப்பாவையும் அவளே பையிலிருந்து எடுத்துக் கழுவப்போடுவாள். இருவருக்கும் ஒரே விதி போதும்: வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றியவர், தன் டப்பாவைத் தானே எடுத்துத் தண்ணீர் ஊற்றித் தொட்டியில் வைத்துவிட்டுத்தான் தொலைக்காட்சியின் பக்கம் போக வேண்டும்.