பாலைவனப் பனைக்குத் தண்ணீர் வேண்டாமா?

‘பாலைவன விசிறிப் பனை’ என்றும் சொல்லப்படும் கலிபோர்னியா விசிறிப் பனையைத் தோட்டத்தில் வைப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது அந்தப் ‘பாலைவன’ அடைமொழியில்தான். நட்டால் போதும், தானே பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் நகருக்கு அருகே இருக்கும் பாம் கேன்யன் பள்ளத்தாக்கைப் பாருங்கள்: சுற்றிலும் மொட்டைப் பாறை, பனைகள் மட்டும் ஓடையோரமாக நெருக்கியடித்து நிற்கும். அதே பகுதியின் தௌசண்ட் பாம்ஸ் சோலையில் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு நிலத்தடி நீரை மறித்து மேலே கொண்டுவருகிறது; அந்தக் கசிவை நம்பித்தான் தோப்பே இருக்கிறது. உச்சி வெயிலில் காய்ந்தாலும் இந்த மரத்தின் வேர் ஈரத்தில்தான் இருக்கும்.

ஆகவே நட்ட முதல் இரண்டு கோடைகளில் வேர்ப்பந்து (வேரும் அதைச் சுற்றிய மண்ணும்) காயவே கூடாது. தினமும் மேலாகத் தெளிப்பதும் தவறு. தண்ணீர் ஆழமாக இறங்கும்படி நிறைய விட்டு, மேல்மண் உலர்ந்த பிறகு மறுபடி விடுங்கள். களிமண்ணில் நீர் தேங்கினால் வேர் அழுகும். சோலையில் ஊறி நகரும் நீர் வேறு, குழியில் தேங்கும் நீர் வேறு. தெளிப்பான் குருத்தின் மேல் அடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பனங்கன்றைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. அந்தப் பயம் இதற்கு வேண்டாம். வளர்ந்த மரத்தைக்கூடப் பெயர்த்து நடலாம். ஆனால் குளிர்காலத்தில் நடாதீர்கள், மண் சூடாக இருந்தால்தான் புது வேர் விடும். சாயாமல் நிற்கட்டும் என்று ஆழமாகப் புதைப்பதும் கூடாது. தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, தரையிலும் அதே மட்டம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வெட்டும் விஷயம். பச்சை மட்டைகளையும் கழித்து, உச்சியில் துடைப்பம் போல நாலு ஓலையை மட்டும் விடுகிறார்கள். அடிமட்டைகளில் இருக்கும் பொட்டாசியத்தை எடுத்துத்தான் மரம் புதுக்குருத்தை வளர்க்கிறது. பச்சையை வெட்டுவது அதன் சேமிப்பைப் பறிப்பது. ஆணி வைத்த காலணியோடு மரமேறவும் விடாதீர்கள். பனைத் தண்டில் பட்ட காயம் ஆறாது, பூஞ்சணத்துக்கு வாசலாகிவிடும்.

காவோலைகள் இந்த மரத்தில் தானாக உதிராமல் பாவாடை போலத் தொங்கும். அதில் மஞ்சள் வௌவால்கள் தங்கும், பறவைகள் கூடு கட்டும். வீட்டுக்குத் தள்ளி நிற்கும் மரமென்றால் விட்டுவிடுங்கள் என்பேன். வீட்டையொட்டி நின்றால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, கழித்தே ஆகவேண்டும். கூடு கட்டும் பருவம் முடிந்த பிறகு செய்யுங்கள். மட்டையின் கருக்கு கையைக் கிழித்துவிடும், கையுறை அவசியம்.

வாங்கும்போதும் கவனம் தேவை. மெக்சிகோ விசிறிப் பனை பக்கத்திலேயே விற்கும். தண்டு ஒல்லி, 25 மீட்டருக்கு மேலும் போகும், குளிரையும் அவ்வளவாகத் தாங்காது. ஈரக்காற்று வீசும் கடற்கரையில் வீடென்றால் கலிபோர்னியா மரமே வேண்டாம், ஓலையில் கருந்திட்டு நோய் வந்துவிடும். உலர்ந்த இடத்தில் உறைபனியையும் தாங்கும் மரம் இது. பனியில் ஓலை கருகினால் உடனே வெட்டாதீர்கள். வெயில் திரும்பிய பிறகு நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள்; கையோடு வராமல் இறுகி நின்றால், இன்னும் சில வாரம் பொறுத்தால் பச்சை எட்டிப் பார்க்கும்.