டெசர்ட் பூட்ஸ் சைஸ் சரியா? இன்சோலை வெளியே எடுத்துப் பாருங்கள்

பாலைவனம் போன்ற வெயில், மணல் பகுதிகளில் நடக்க அணியும் புது டெசர்ட் பூட்ஸைக் காலில் மாட்டும் முன், உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலை (உள் அட்டையை) உருவித் தரையில் போட்டு, வெளியே போகும்போது அணியும் அதே தடித்த சாக்ஸோடு அதன் மேல் நில்லுங்கள். குதிகால் பின்விளிம்போடு பொருந்தி, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் மிஞ்ச வேண்டும். சுண்டுவிரல் பக்கம் பாதம் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த ஜோடி வேண்டாம். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் பார்ப்பது இன்னும் நல்லது.

பூட்ஸுக்குள் கால் எங்கே இடிக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. முனை கெட்டியான மாடலில் விரலால் அமுக்கிப் பார்த்தும் பயனில்லை. வெயிலில் நடக்க நடக்கப் பாதம் கொஞ்சம் வீங்கும், இறக்கத்தில் முன்னால் சரியும். இடமில்லாவிட்டால் பெருவிரல் நகம் கறுத்துவிடும். ஸ்வேட் தோல் (பூம்பரப்புள்ள மெத்தென்ற தோல்) நாளடைவில் அகலத்தில் சற்று இளகும், நீளத்தில் இளகாது. "போடப்போட சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்புறம் லேஸை இறுக்கிக் கட்டி, வீட்டுக்குள்ளேயே மாடிப்படி இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் முட்டக் கூடாது. ஏறும்போது குதிகால் தூக்கிக்கொண்டு வந்தால் கொப்புளம் வரலாம். அழுக்காகாத ஜோடியாக இருந்தால் மாற்றிக் கேட்பதும் எளிது.

இன்சோல் ஒட்டப்பட்ட பூட்ஸில் இது முடியாது, பிய்க்கவும் வேண்டாம். மருத்துவர் தந்த தனி இன்சோல் போடுபவர்கள், அதை பூட்ஸுக்குள் வைத்தே நடந்து பார்க்க வேண்டும். பூட்ஸ் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதும் இதில் தெரியாது. அதற்கு பூட்ஸை முன்பாதப் பகுதியில் வளைத்து, அடிப்பாகம் தோலோடு சேரும் இடத்தில் வாய் பிளக்கிறதா என்று பாருங்கள்.